சிவப்புப் பிடி

அலுமினியத்தை வெல்டிங் செய்வதும் சமையலும் ஒன்றுதான், ஐயா. சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாநகரசபையில் எனக்குக் கிளார்க் வேலை. சனி, ஞாயிறில் குண்டசாலை வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் இதுதான் என் பொழுதுபோக்கு.

காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று படியும். உலோகம் உருகினாலும் அது உருகாது. எவர்சில்வர் பிரஷ்ஷால் அதைத் தேய்த்தெடுத்தால்தான் ஒட்டு பலமாக நிற்கும். அந்தப் பிரஷ் இரும்பைத் தொடவே கூடாது; தொட்டால் துரு ஒட்டிவந்து, ஒட்டு உள்ளுக்குள் ஓட்டையாகிவிடும். அதனால் என்னிடம் இரண்டு பிரஷ்: அலுமினியத்துக்குப் பச்சைப் பிடி, துருப்பிடித்த இரும்பு வாசல் கேற்றுக்குச் சிவப்புப் பிடி.

தைப்பொங்கல் முடிந்து, பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் அலுமினிய ஏணிக்கு அவசரத்தில் சிவப்புப் பிடியை எடுத்துவிட்டேன். ஒட்டு பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மிளகு பறிக்க அதில் ஏறிய ரத்தினம்மா விழுந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார். ஏணி பழசு என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

என் மனைவியின் அண்ணன் கணபதி மட்டும் உடைந்த படியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாவலப்பிட்டி ரயில்வேயில் பிட்டராக இருந்தவர்.

"மாப்ளை, உள்ளுக்குள்ள பூரா கறுப்பும் ஓட்டையுமா இருக்கு. இது நீங்க ஒட்டுனதுதானே?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேற் சத்தம் கேட்டாலே பொலிசோ என்று எட்டிப்பார்ப்பேன். வேலை போகும், ஜெயில், ஊர் காறித்துப்பும். பயம், ஐயா, வெறும் பயம்.

ஒரு வாரம் கழித்து அவர் தன் ஏணியைக் கொண்டுவந்தார். மேல்படியின் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

"பயப்படாதீங்க மாப்ளை. ஞாயித்துக்கிழமை மிளகு பறிச்சிட்டு, திங்கக்கிழமை ரெண்டு பேரும் பொலிசுக்குப் போவோம். நான் கூட நிக்கிறேன். அதுவரைக்கும் சும்மா உக்காந்து மனசப் போட்டுக் குழப்பாம, இத ஒட்டித் தாங்க. உங்க கை நல்ல கைதான்."

என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாரும் இல்லை.

இரண்டு பிரஷ்ஷும் எதிரே ஆணியில் தொங்கின. சிவப்புப் பிடியை எடுத்தேன். அந்த முறை அவசரம் எதுவும் இல்லை. கேற்றுக்குப் போட்ட கிரீஸ் அதில் அப்பியிருந்தது, துடைக்கவில்லை. வெளியே தெரியும் மேல் ஒட்டை மட்டும் வரிசையாக, நிதானமாக ஓட்டினேன். கணபதி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஞாயிறு காலை மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். இருபதடி உயரம், கீழே கருங்கல் தடுப்புச்சுவர். மேல்படியில் கால் வைக்கும் முன், "பிடிச்சிருக்கீங்களா மாப்ளை?" என்றார்.

"பிடிச்சிருக்கேன் மச்சான், ஏறுங்க."

அவருடைய முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகும் பயம் போகவில்லை. அதனால்தான் இந்தத் திங்கட்கிழமை தனியாக வந்திருக்கிறேன். செய்தது நான்தான், ஐயா. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் விழுந்துவிடக் கூடாதே என்று, கடைசிவரைக்கும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.