தராசு சிஸ்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் இல்லம் தேடி நலப்பணி மையத்தின் தலைவர் மருத்துவர் ஹேமாவதி அம்மையார் அவர்களே! தேனி கடைவீதியில் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மகிமா சிஸ்டரின் உடன்பிறந்த அண்ணன் எபனேசர் அவர்களே! ஜெயமங்கலத்திலிருந்தும் கெங்குவார்பட்டியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் கள மேற்பார்வையாளர் சுந்தரலிங்கத்தின் வணக்கம்.

கடந்த புதன்கிழமை காலை, நம் மையத்தின் மூத்த மனநலச் செவிலியர் மகிமா அம்மையார் மாரடைப்பால் மறைந்துவிட்டார். வயது ஐம்பத்தாறு. நான் அழ வேண்டியதை அன்றே அழுதுவிட்டேன். இன்று பெருமை பேச வந்திருக்கிறேன். அதற்கு எனக்கு என்ன தகுதி? பதினேழு ஆண்டுகளில் அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அத்தனை சண்டையிலும் தோற்றவனும் நான்தான்!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் மையத்துக்கு ஒரு ஜீப் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு, 'மனநல சேவை ஊர்தி' என்று மூன்று பக்கமும் எழுதச் சொன்னேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அழித்துப் பெரிதாக எழுத வைத்தேன். மகிமா சிஸ்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டி எந்த வாசல்ல நின்னாலும் அந்த வீட்டு மானம் போச்சு" என்றார். மக்களுக்கு விழிப்புணர்வு வரட்டும் என்று நான் அவருக்கே வகுப்பு எடுத்தேன்.

அந்த வாரமே ஜெயமங்கலத்திலிருந்து தகவல் வந்தது. குழந்தை பெற்று முப்பது நாள் ஆன ஒரு பெண் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, இது என் பிள்ளையே இல்லை என்கிறாள் என்றார்கள். அந்தப் பெண் சுபாஸ்ரீ இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். "என் பேரச் சொல்லியே பேசுங்க சார், எனக்கு என்ன வெக்கம்?" என்று அவரே சொன்னதால்தான் சொல்கிறேன்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சிஸ்டரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை நேராக அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். தெருவே கூடிவிட்டது. மூன்று பக்கமும் எழுதியிருப்பதை ஒருவர் விடாமல் வாசித்தார்கள். சுபாஸ்ரீயின் மாமியார் பூமாரி அம்மாள் வெளியே வந்தார். "எங்க வீட்டுல பைத்தியம் எவளும் இல்ல! வண்டிய எடுங்க இங்கனருந்து!" என்று கதவைச் சாத்தினார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது. தாயின் குரல் கேட்கவே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நாள் தாமதித்தாலும் தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்பது சிஸ்டருக்குத் தெரியும். நான்தான் அந்தக் கதவைச் சாத்த வைத்தவன். இதை ஒன்பது ஆண்டுகளாக நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "வண்டிய பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடுங்க சார்" என்றார். பையிலிருந்து குழந்தைகளை எடை போடும் தொங்கு தராசையும் தூளித் துணியையும் எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வெயிலில் தனியாக நடந்தார். அதே கதவைத் தட்டி, "பிள்ளைய எடை போட வந்திருக்கேன்" என்றார். பேரப்பிள்ளையின் எடையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படாத மாமியார் உண்டா? கதவு திறந்தது!

அந்தத் தராசுதான் அவருடைய வித்தை. பிள்ளையைத் தூளியில் வைக்கும்போது, "தலைய நீ பிடிச்சுக்கம்மா" என்று தாயிடம் சொல்வார். முள் எத்தனை கிலோ காட்டுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். சிஸ்டர் மட்டும் தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுபாஸ்ரீயின் கை அன்று மடியை விட்டு எழவே இல்லை.

பிற்பகலில் மறுபடி போனார். மாலையில் மறுபடி போனார். ஒரே பிள்ளையை ஒரே நாளில் மூன்று முறை எடை போட்ட நர்ஸை உலகத்தில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? மூன்றாவது முறை பூமாரி அம்மாளே கேட்டுவிட்டார். "காலையில போட்ட எடை பொழுதுக்குள்ள மாறிருமா சிஸ்டர்?" சிஸ்டர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த அம்மாள் உடைந்தார். "அவளுக்கு என்னமோ ஆகுது சிஸ்டர். பிள்ளைய அவ கையில குடுக்கவே பயமா இருக்கு. ஊரு என்ன சொல்லுமோன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்."

தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அந்த இரவு முழுக்கப் பூமாரி அம்மாள் உடனிருந்தார். விடிந்ததும் நம் மருத்துவர் அம்மாவின் ஏற்பாட்டில் சுபாஸ்ரீ மருத்துவமனையில் சேர்ந்தார். நான்கே வாரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். அந்தப் பிள்ளை இன்று நான்காம் வகுப்பு. பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நிற்பவன் அவன்தான், இறங்கச் சொல்லுங்கள்!

மறுவாரம் நானே பெயின்டரைக் கூப்பிட்டு வண்டியில் எழுதியதை அழித்தேன். அன்றுமுதல் எந்த ஊரிலும் நம் ஜீப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. தராசோடு நடந்து வருகிறவர் என்பதால் ஊர் அவருக்குத் 'தராசு சிஸ்டர்' என்று பெயர் வைத்தது. எந்தப் பட்டம் பெற்றவருக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தது?

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெங்குவார்பட்டி பஞ்சம்மாள், எழுபத்து நான்கு வயது. வீட்டுக்காரர் இறந்தபின் தனியாக இருந்தவருக்கு, சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. தானே காய்ச்சிய கஞ்சியைக்கூடத் தொடமாட்டார். உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. சிஸ்டர் போனார், கஞ்சியை ஊற்றச் சொன்னார், முதல் வாயைத் தானே குடித்தார். பிறகுதான் பஞ்சம்மாள் குடித்தார்.

இதற்கும் நான் சண்டை போட்டேன். "அவர் சந்தேகத்துக்கு நீங்களே துணை போகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "சந்தேகத்தோட வாதாட நான் போகல சார். அவுக வயிறு காயக் கூடாது, அதுக்குத்தான் போறேன்." கஞ்சி வழியாகத்தான் மாத்திரை உள்ளே போனது. செவ்வாய்க்கிழமை தோறும் ஏழு குழி உள்ள டப்பாவில் ஒரு வாரத்து மாத்திரையைச் சிஸ்டர் நிரப்புவார். அந்தக் கை நிரப்பினால்தான் பஞ்சம்மாள் விழுங்குவார். பயம் பெரும்பாலும் போய்விட்டது. அந்த முதல் வாய் வழக்கம் மட்டும் ஆறு ஆண்டுகளாக நிற்கவில்லை.

சபையோரே, இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை நான் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மகிமா சிஸ்டர் இல்லாமல் வீடு வீடாக நடக்க ஆளில்லை. இனி நோயாளிகள் மையத்துக்கு வரட்டும். வீட்டுப் பணியை நிறுத்திவிடலாம் என்று எழுதினேன். இன்று கூட்டம் முடிந்ததும் கொடுப்பதாக இருந்தேன். அது இந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

சற்றுமுன் மண்டப வாசலில் பஞ்சம்மாள் என்னை நிறுத்தினார். கெங்குவார்பட்டியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த டப்பாவைக் காட்டினார். இறப்பதற்கு முந்தைய நாள் சிஸ்டர் நிரப்பியது. ஆறு குழி காலி. ஏழாவதில் இன்று ராத்திரிக்கான மாத்திரை மட்டும் இருக்கிறது. அந்த அம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுக போயிட்டாக, தெரியும். நாளைக்குச் செவ்வாக்கெழம. யாரு வாராக?"

யார் வருவது? பையில் இருந்த கடிதம்தான் பதில் என்றால், அதை அந்த முகத்தைப் பார்த்து என்னால் வாசிக்க முடியவில்லை!

தலைவர் அவர்களே, அந்தக் கடிதத்தை உங்கள் முன்னால் கிழிக்கிறேன். மேடை ஏறுமுன் கேட்டேன், நம் இளம் செவிலியர் ஷீபா நாளை வருவதாகச் சொல்லிவிட்டார். ஜீப் கெங்குவார்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும். அங்கிருந்து ஷீபா நடப்பார், தராசைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். முழங்கால் வலி என் சொந்தப் பிரச்சினை. மகிமா அம்மையாரே, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் சாத்த வைத்த கதவை நீங்கள் திறந்தீர்கள். இனி ஒரு கதவும் எங்களால் சாத்தப்படாது. இதுதான் நாங்கள் உங்களுக்குச் செலுத்தும் அஞ்சலி.

பஞ்சம்மா ஆத்தா, அங்கன தூணுக்குப் பக்கத்துல நிக்கிறீகளே, கேக்குதா? நாளைக்கு நாங்க வாரோம். கஞ்சியக் காய்ச்சி வையுங்க. மொத வாய் எனக்கு.