லார்ச் தெருவுக்கு முப்பத்தஞ்சு

...கடைசியா ஆர்டிஸை நான் உயிரோட பார்த்தப்போ அவ என்னைத் திட்டிக்கிட்டிருந்தா, தம்பி. சேத்துக் காலோட வீட்டுக்குள்ள வந்துட்டேனாம். நாப்பத்தாறு வருஷப் பொண்டாட்டி, திட்டாம இருந்தாத்தான் பயம். திட்டி முடிச்சுட்டு, எதிர்வீட்டு லோயிஸோட கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனா. வெறும் தட்டா கொடுக்கக் கூடாதுன்னு நாலு பிஸ்கட் வேற. பாதித் தெரு தாண்டல, ஒரு கார் வந்துச்சு. அவ்ளோதான்.

நீ குழியைத் தோண்டுப்பா. உன்னை ஒண்ணும் சொல்லல. நகராட்சி அனுப்புது, நீ வேகப் பலகை நட வர்ற.

இந்தத் தெரு வேகத்தை இருபத்தஞ்சு மைல்ல இருந்து இருபதாக்குங்கன்னு நகர சபைக்குப் போனேன். ஏழு பேர், ஆளுக்கொரு தண்ணி பாட்டில். நான் பேச மூணு நிமிஷம். தாண்டினா சிவப்பு விளக்கு! பாத்தியா, இந்த ஊர்ல கிழவன் வாய்க்கு மட்டும் வேகக் கட்டுப்பாடு கறாரா இருக்கு. ரொம்ப வருத்தம்னாங்க. வருத்தத்தைத் தீர்மானமாவே போட்டாங்க, ஏழு ஓட்டும் ஆதரவு. அப்புறம், "ஆய்வு பண்ணிப் பார்ப்போம்"னாங்க.

ஆய்வுன்னா என்னங்கற? ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு கறுப்பு ரப்பர் குழாய். மூணு நாள். கார் ஏறி இறங்கினா பக்கத்துல இருக்கற பெட்டி வேகத்தைக் குறிச்சுக்கும். நம்ம ஆளுங்க குழாயைப் பார்த்ததும் பூனை மாதிரி போறானுங்க! அடடா, எவ்ளோ சாதுவான தெருன்னு சபை ஃபைலை மூடிடுமேன்னு... அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. என் பிக்கப் வண்டியை எடுத்தேன். முப்பத்தேழு மைல்ல போறேன், வர்றேன், போறேன், வர்றேன். நாளைக்கு நாப்பது தடவை! லோயிஸ் வாசல்ல நின்னு, "ஹாரால்ட், உனக்குப் பைத்தியமா?"ன்னு கத்தறா. "சபைக்காரங்க பார்த்து நடுங்கட்டும் லோயிஸ்"ன்னேன்.

நடுங்கினாங்களா? சபையில நகராட்சி இஞ்சினியர் எழுந்தான். தங்கமான பையன், படமெல்லாம் போட்டுக் காட்டினான். நூறு காரை மெதுவானதுல இருந்து வேகமானது வரைக்கும் வரிசையா நிறுத்தணுமாம். எண்பத்தஞ்சாவது கார் என்ன வேகமோ, ஏறக்குறைய அதுதான் தெருவுக்கு நியாயமான வேகமாம்! ஒருத்தன் பறந்தா குத்தம், கூட்டமா பறந்தா சட்டம். எப்படி இருக்கு? லார்ச் தெருவுக்கு முப்பத்தஞ்சுன்னு கையைத் தூக்கினாங்க. அன்னிக்கும் எனக்கு மூணு நிமிஷம் கொடுத்தாங்க. நான் வாயே திறக்கல.

ஏன்னா பாக்கற?

இந்தத் தெருவுல நாளைக்கு மொத்தமே நூத்துச் சொச்சம் வண்டிதான், தம்பி. என் நாப்பதும் சேர்த்து. அந்த எண்பத்தஞ்சாவது கார் இருக்கே... அது என் பிக்கப். லோயிஸ்கிட்டகூட இதைச் சொல்லல.

என்ன, அதுக்குள்ள முடிச்சுட்டியா? இரு, காபி போட்டிருக்கேன்... கிளம்பியாச்சா? சரி, சரி, உனக்கு வேலை கிடக்கும். ஏய்! பிடுங்கின பழைய பலகையை எடுத்துக்கலயேப்பா... தம்பி!

போயிட்டான்.

இருபத்தஞ்சு இங்க புல்லு மேல கிடக்கு.