ஒரு வார ஏற்றம்

“வர்ற வருசம் என் பணம் வேலைக்குப் போவும், நான் வீட்ல தூங்குவேன்க்கா.”

ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் போனை நீட்டினாள். பக்கத்திலிருந்த அக்கா டிபன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“மியூச்சுவல் பண்டுல போட்டேன். ஒரே வாரத்துல நூத்துக்கு ரெண்டு ரூபா ஏறியிருக்குது. வருசத்துக்கு அம்பத்திரண்டு வாரம். அப்ப நூத்துக்கு நூத்திநாலு!”

“ஒரு வாரத்த வெச்சு வருசத்துக்கே கணக்கு போடுவியா?”

“கம்பெனி லைன்ல முதல் மணி நேரத்துல முடிச்ச பீஸை எட்டால பெருக்கித்தான ஷிப்ட்டுக்கு டார்கெட் சொல்றாங்க? நாளைக்கே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

சானமாவு காட்டருகே பஸ் நின்றது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன, யாரும் இறங்காதீர்கள் என்றார் டிரைவர். நின்றது நின்றதுதான்.

“பாத்தியா புள்ள? அரைமணி நேரமா பஸ் ஒரு அடி நவுரல. உன் கணக்குப்படி வருசம் பூரா நாம இங்கதான்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அக்கா தலையில் தட்டினாள்.

“அப்படின்னா வேலைய விடமாட்டேன்க்கா. வருசம் பூரா கம்பெனி பஸ்லயே உக்காந்திருந்தா ஓவர்டைம் குடுப்பாங்கல்ல!”