போர்டு மேல பழி வேண்டாம்

குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க சார். நான் ஸ்டேஷனுக்கு வந்தது, மேடை விளக்கையெல்லாம் ஏத்தி இறக்கற அந்த லைட் போர்டு விஷயமா. அது பழுதுன்னு சொல்லி, வித்தவரை எங்க நாடகக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்கு இழுக்கறாங்க. பாவம், பிள்ளைகுட்டிக்காரர். போர்டு நாம சொல்லி வச்சதைத்தான் செய்யும். தானா எதுவும் செய்யாது.

பழைய போர்டுக்கு நாலு கை வேணும். வரிசையா குமிழ் இருக்கும். ஒரு காட்சியோட வெளிச்சம் மங்க மங்க அடுத்தது ஏறணும்னா, ஒருத்தர் இறக்கணும், ஒருத்தர் ஏத்தணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் என் சம்சாரமும்தான் அதுல உட்காருவோம். தோளோட தோள் இடிக்கும். "தள்ளி உட்காருங்க, மேடையே தெரியல"ம்பா. நான் தள்ள மாட்டேன். இருட்டுல அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கறதைவிட எனக்கு வேற என்ன வேணும் சார்.

புது போர்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவளுக்குத் தோள்வலி. கடையில ரெண்டு காட்டினாங்க. மலிவா ஒண்ணு, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கறது ஒண்ணு. காட்சியெல்லாம் முன்னாடியே பதிஞ்சு வச்சுட்டா, நாடகத்தப்போ ஒரே பட்டனை அழுத்திட்டே போகலாம். அவ கஷ்டப்பட வேண்டாமேன்னு அதையே வாங்கச் சொன்னேன். எனக்கோ மண்டையில ஏறவே இல்லை. அவதான் பொறுமையா சொல்லிக் குடுத்தா. "பழசை அழிக்கறதுக்கு முன்னாடி அது உங்களைக் கேக்கும். அவசரப்பட்டு ஆமான்னு அழுத்திடாதீங்க, என்ன?"

நான் கத்துக்கிட்டதும் அவளுக்கு அங்க வேலை இல்லாமப் போச்சு. டைரக்டர் அவளை நடிக்கக் கூப்பிட்டார். மனசாரச் சொல்றேன், நல்லா நடிச்சா. நான் லைட் ரூம் கண்ணாடிக்குப் பின்னாடி ஒத்தையா உட்கார்ந்து அவமேல வெளிச்சம் போட்டேன். அப்புறம் வெளியூர்க் கம்பெனி ஒண்ணு கூப்பிட்டுச்சு. "ஒரு வருஷம்தானேங்க, போயிட்டு ஓடி வந்துடறேன்"னா. முகமெல்லாம் பூரிச்சிருந்துச்சு. சரிம்மான்னேன். சண்டையெல்லாம் போடல சார்.

இங்க எங்க நாடகத்தோட கடைசிக் காட்சியில அவ உயரமான ஒரு பலகைத் தட்டு மேல நிப்பா. அது சுத்தும். நின்னதும் விளக்கெல்லாம் அணைஞ்சுடும். படி எந்தப் பக்கம்னு இருட்டுல தெரியாது. தட்டோட ரெண்டு முனையிலயும் சின்ன நீல விளக்கு இருக்கு. எரியற பக்கம்தான் படி. இது நானும் அவளுமா பேசி வச்ச அடையாளம். காலைப் பார்க்கவே மாட்டா, நீலத்தைத்தான் பார்ப்பா. லைட்டுக்காரன் பெண்டாட்டி இல்லையா.

அவ வெளியூர் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள், ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. நான் படிப்பக்க நீலத்தை எடுத்துட்டு எதிர்ப்பக்க நீலத்தைப் பதிஞ்சேன். பழசை அழிக்கவான்னு போர்டு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினேன். நாடகத்துல அவ கொஞ்சமும் தயங்கல. வீட்டு வாசல்ல இறங்கற மாதிரி காலை வச்சா.

இனிமே நடக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னப்போ நான் அழுதது நிஜம் சார். நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "போர்டு ஏங்க அப்படிச் செஞ்சுச்சு?"ன்னு கேட்டா. அது மேல பழி விழறதை என்னால தாங்க முடியல.

எழுதிக்குங்க, செஞ்சது நான்தான். ஒரே ஒரு விஷயம். பழைய போர்டு இன்னும் சாமான் அறையில கெடக்கு. யாரும் தூக்கிப் போட்டுடாமப் பார்த்துக்கச் சொல்லுங்க. நான் திரும்பி வந்ததும் ரெண்டு பேருமா உட்காரணும். டாக்டர்கிட்ட நல்லா விசாரிச்சுட்டேன் சார். அவ கைக்கு ஒண்ணும் ஆகல.