வராத பஸ்

கம்பெனி பஸ் யாருக்காகவும் காத்திருக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் பென்னலூரில் உள்ள எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு பழக்கம். ஹாரன் கேட்டதும் வார்டனாகிய நான் படிக்கட்டின் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிள்ளைகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். லிசா அக்கா கூப்பிட்டால் பஸ் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பாண்டிச்செல்வியை எனக்கு மிகவும் பிடிக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இந்துக் குடும்பம்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஜெபத்துக்கு வந்து உட்காருவாள். அப்படி ஒரு நாள்தான் தன் ஜெபக் குறிப்பை என் காதோடு சொன்னாள். ஓவர்டைம் வேலை என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் பிள்ளைப்பாக்கத்தில் அன்பு என்கிற பையனின் அறைக்காம். வேறு சாதிப் பையன்.

“ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணப் போறோம்க்கா. எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உசுரோட விடாது. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

கல்யாணத்துக்கு முன்பே ஒரே அறை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னிடம் பொய் சொன்னாளே என்பது அதைவிட வலித்தது.

பாஸ்டர் ஆபிரகாமிடம் போய், இவளைக் கண்டிக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் முகம் சுளித்தார்.

“இன்னாம்மா நீ? அடுத்தவங்கள நியாயந்தீர்க்க நாம யாரு? அந்தப் பொண்ணு உன்ன நம்பி சொல்லிக்கீது. ஜெபம் பண்ணிக்கினு கம்முனு இரு.”

கீழ்ப்படிந்தேன். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மீன் குழம்பில் பெரிய துண்டை அவள் தட்டில்தான் வைத்தேன். ஆனால் நியாயந்தீர்க்கும் உரிமை எனக்கு இல்லையென்றால், உரிமை உள்ளவர்களுக்காவது விஷயம் தெரிய வேண்டுமல்லவா? அவள் அண்ணன் இசக்கிதுரைக்குப் போன் செய்தேன். அவர் அழவில்லை, திட்டவில்லை.

“அவ எப்ப வெளிய வருவா?” என்று மட்டும் கேட்டார். மதிய ஷிப்ட் என்றேன்.

மறுநாள் பஸ்ஸுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். துண்டில் சுற்றிய நீளமான ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், மேடம். “கூப்பிடுங்க” என்றார். நான் போய்ப் படிக்கட்டின் கீழே நின்றேன்.

“செல்வி, பஸ் வந்துடுச்சு.”

வாயில் சோற்றோடு, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். “வாரேன்க்கா” என்று சிரித்துவிட்டு வெளியே போனாள். நான் கதவைத் தாழிட்டேன். மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. அவள் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். அண்ணனைக் கூப்பிடவில்லை, அக்கா என்றுதான் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

பஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. வராத பஸ்ஸை வந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். அந்தப் பாவத்துக்காக முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மற்றபடி, மேடம், நான் அவளை நியாயந்தீர்க்கவே இல்லை.