டாக்டரின் வசனம்

"அந்த வசனம் தாள்லயே இல்லப்பா. எத்தன தடவ சொல்றது?"

"இருக்குடி. கண்ணு தெரியாதவன்னு என்னை ஏமாத்தாத. பக்கத்து வீட்டுல போய்க் கேளு."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் சுவர்கள் மெலிசு. ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். காதைக் கழற்றியா வைக்க முடியும்? அந்த வீட்டு மகள் வந்து என் கதவைத் தட்டுவதற்குள் கையைக் கழுவிவிட்டேன்.

அவள் அப்பா என்றால் கேப்டன். மாடிப்படி பெருக்குகிறவள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். இளவயதில் ஒரு விண்வெளித் தொடரில் கப்பல் தலைவனாக நடித்தவர். ஊரே டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த தொடர். பள்ளி நாளில் நானும் கிடந்தேன். அதே பாத்திரங்கள் முதுமையில் மறுபடி சந்திப்பதாக, அதே நடிகர்களை வைத்து இப்போது புதிதாக எடுத்தார்கள். வேடமே இல்லாமல் ஈஸிசேரில் தேய்ந்துகொண்டிருந்தவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் கண்ணில் புரை. தாளில் எழுத்து தெரியாது. மகளுக்கோ ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. அதனால் நான் போய் உரக்கப் படிப்பேன். அவர் கேட்டே பாடம் பண்ணுவார். ஒருமுறை கேட்டால் போதும், கல்லில் வெட்டின மாதிரி நிற்கும். கப்பல் டாக்டரின் வசனம் என்னுடையது.

"வாங்க டாக்டரம்மா, கப்பல் கிளம்பப் போகுது" என்பார், என் வாசலில் நின்று.

என் வீட்டுக்காரர் போன பிறகு யாரும் என் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டதில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வசனம் படித்துப் பார்க்கும் வாசிப்புக்கு நாள் நெருங்கியபோது தலைக்குச் சாயம் பூசினார். புதுச் சட்டை வேறு.

"அவ வர்றாளாம். அப்போ டாக்டரா நடிச்சவ, நிஜ டாக்டர்" என்றார். "நீங்களும் நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா அவ குரல் வேறம்மா."

வரட்டுமே, எனக்கென்ன? என் கவலை வேறு. நாங்கள் பார்த்து வளர்ந்த கேப்டனைக் கிழவனாக ஊர் பார்க்கலாமா? உண்மையான ரசிகை அதைத் தடுக்க வேண்டாமா?

படித்துக்கொண்டே போனதில், கேப்டனும் டாக்டரும் மறுபடி சந்திக்கும் காட்சி வந்தது. "என்னை அடையாளம் தெரியுதா கேப்டன்?" என்று டாக்டர் கேட்க வேண்டும். "உன்னை மறப்பேனா, டாக்டர்" என்பதுதான் தாளில் இருந்த பதில். "நீங்க யாரு? என் கப்பல்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று நான் படித்தேன்.

"இப்படியா எழுதியிருக்கான்?"

"ஆமா. கேப்டனுக்கு மறதியாம். நிஜமாவே மறந்த மாதிரி சொல்லணும்."

"பிரமாதம்" என்றார். கண்ணை வெறித்து, உதடு நடுங்க, அன்று முழுக்கப் பழகினார். கொஞ்சம் பயமும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வாசிப்பு நடந்த அறையில் அதைவிட நன்றாக நடித்தாராம். அந்த அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாளாம். உதவி இயக்குநர் ஒருவன்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டான். அவருக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். வேடம் போயிற்று.

அன்றைக்குத்தான் சுவர் வழியே நான் கேட்ட அந்தச் சண்டை. கதவைத் திறந்தேன்.

"அக்கா, நீங்க அப்படியா படிச்சீங்க?"

அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு கேப்டன். "சொல்லுங்க டாக்டரம்மா."

"தாள்ல இருந்ததத்தான் படிச்சேன் கண்ணு. கொஞ்ச நாளாவே உங்கப்பா என்னை டாக்டர்னுதான் கூப்பிடறார். நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை. தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால் மனிதர்கள் சீக்கிரம் அடங்கிவிடுகிறார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரையில் நிஜமாகவே குழம்பினார். முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

கேப்டனாக வேறொருவர் நடித்தார். அவரும் கிழவர்தான். ஒரு பகுதி விடாமல் பார்த்தேன், சுமார்.

கேப்டனை விசாரிக்க வந்து வந்து பழகிய அந்த உதவி இயக்குநரையே மகள் கட்டிக்கொண்டாள். இருவரும் வெளிநாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். புறப்படும்போது, "அப்பாவைப் பாத்துக்குங்கக்கா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னை அடையாளம் தெரியுதா கேப்டன்?" என்று கேட்பேன். முதலில் முழித்தார். சொல்லிக்கொடுத்தேன்.

"உன்னை மறப்பேனா, டாக்டர்" என்கிறார் இப்போது. நீங்களே வந்து கேட்டுப் பாருங்கள். அதில் நடிப்பு துளியும் இல்லை.