ஏழு தீவுக்கு ஒரு புல்தரை

"ஹலோ... ஹலோ, ஆர்வில் மச்சானா? கத்பர்ட் பேசறேன்... ஆமா, ஆமா, சூரிச்சுலேர்ந்துதான். துறைமுகத்துக்கு வந்துட்டியா?... கப்பல்?... புல்தரை சுருட்டினபடியே இறங்கிடுச்சா?... அப்பாடா!"

கரீபியன் தீவொன்றின் கால்பந்துச் சங்கத் தலைவர் கத்பர்ட் அலேன், ஹோட்டல் கழிப்பறையின் பளிங்கு மேடையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் உலகக் கால்பந்துச் சபையின் நேர்மைக் குழுவுக்குத் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்க ஆளில்லை. அவர் தீவில் மைதானமே இல்லை என்று ஆய்வாளர் அதற்குள் சொல்லிவிடாமல் இருந்தால் போதும்.

"கேளு மச்சான். வாழைத்தோட்டத்துக்குப் பின்னாடி பொட்டல்ல விரிச்சிரு. ஆட்டை அண்ட விடாத. ரெண்டாவது தீவுல ஒண்ணு ஏறி மூலையை மேஞ்சிடுச்சு... பிளாஸ்டிக் புல்லுன்னு ஆட்டுக்குத் தெரியுமாடா? ஆய்வாளர் கொல்ப் சாயங்காலம்தான் பிளேன்ல... என்ன?... வந்துட்டாரா?... புயலா? பிளேன் ரத்தா? அப்ப எதுல வந்தாரு?... எந்தக் கப்பல்?... மச்சான், எந்தக் கப்பல்டா?"

ஏழு தீவுச் சங்கங்களும் மைதான நிதியை ஏப்பம் விட்டபின், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது அந்த ஒரே ஒரு செயற்கைப் புல்தரை. ஆய்வாளர் ஒரு தீவில் விருந்து முடித்துக் கை கழுவுவதற்குள், அது வாழைக்காய்க் கப்பலேறி அடுத்த தீவில் விரிந்து காத்திருக்கும். இதுவரை புல்தரையும் ஆய்வாளரும் ஒரே கப்பலில் பயணம் செய்ததில்லை.

"புல்தரை மேலயேவா?... படுத்துத் தூங்கிட்டு வந்தாரா!... மெதுவாப் பேசு, காதுல விழப்போகுது. கேட்டா, சர்ச்சுக்குக் கம்பளம்னு... கேட்டுட்டாரா? நீ என்ன சொன்ன?... கல்யாணப் பந்தலுக்கா! அடப்பாவி, வெள்ளைக் கோடு போட்டிருக்கு, பெனால்டி புள்ளி இருக்கு! கல்யாணத்துல எதுக்குடா பெனால்டி?... அது நான் உங்க அக்காவைக் கட்டினப்பவே வாங்கிட்டேன். போதாததுக்கு உன்னைத் துணைத்தலைவர் வேற ஆக்கினேன் பாரு!"

கதவை யாரோ தட்டினார்கள். "ஆள் இருக்கு!" என்று கத்தினார் கத்பர்ட்.

"உன்னை இல்லடா... சிரிக்கிறாரா? ஏன் சிரிக்கிறாரு?... மூணாவது தீவுலயே தெரிஞ்சுபோச்சா? மேஞ்ச மூலையை வச்சா?... அப்புறம் எல்லா அறிக்கையிலயும் 'மிகச் சிறந்த மைதானம்'னு எழுதினாரே?... ஆமா, ஆமா. ஒரே மைதானம்தானே, தீவுக்குத் தீவு மாத்தி எழுதினாத்தான் பொய்... சரி, இப்ப என்ன வேணுமாம்? கைக்கடிகாரம்?... வேண்டாமா? நம்ம ரம் ஒரு பெட்டி?... அதுவும் வேண்டாமா? ஐயையோ, நேர்மையான ஆளாடா! தொலைஞ்சோம். நான் மேடை ஏறவே வேண்டாம், இப்படியே ஊர் வந்து சேர்றேன்..."

டையைத் தளர்த்தினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"என்னது? புல்தரையையா? அவருக்கு எதுக்கு?... அவரும் அவர் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரா! அங்கயும் அடுத்த மாசம் ஆய்வா?... அட, நம்மாளுப்பா! முதல்லயே சொல்லக்கூடாதா? குடு, குடு. நம்ம தீவுதானே கடைசி. இன்னிக்கு விரிச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு, அப்படியே சுருட்டிக் குடுத்துரு... ஆடு மேஞ்ச மூலையா? அவர் ஊர் பனிமலைடா, மூடிரும்... ஆமா, ஆமா..."

கண்ணாடியைப் பார்த்து டையை இறுக்கினார். வெளியே கூட்ட மணி அடித்தது.

"என்ன?... திருப்பித் தரலைன்னாவா? ஏன் தர மாட்டாரு?... அப்படி ஏமாத்தினா சும்மா விட்டுருவோமா? புகார் குடுப்போம்டா, உலகச் சபையில நேர்மைன்னு ஒண்ணு இல்லையா?... யார்கிட்டயா? என்கிட்டதான்! கூப்பிடறாங்க, வச்சிடறேன்."